மனுவில் முதல் கையெழுத்து

ஏனுங்க தம்பி, அந்தப் பேப்பரச் சித்தே மடிச்சுக்கறீங்களா? காத்துல பறந்து மூஞ்சில அடிக்குது. அடிச்சாக்கூடப் பரவால்லீங்க, அந்தப் படத்த என்னால பாக்க முடியல. சால்வை போத்திக்கிட்டு நிக்கறாங்களே, அதுல எடது பக்கத்துலருந்து ரெண்டாவது ஆளு, மீசைய முறுக்கி வெச்சுக்கிட்டு, தெய்வசிகாமணின்னு பேரு போட்டிருக்கும் பாருங்க. அவருதான் என்ற தலைவரு. இருவத்திரெண்டு வருசம் தலைவரு. போன வாரந்தான் மறுபடியும் தனிக்கட்சின்னாரு. இன்னிக்கு வேற கட்சிக்காரங்க சால்வை போத்தறாங்க.

இல்லீங்க, நீங்க கேட்டதுல தப்பில்ல. "இந்தத் தடவ யாருங்கய்யா வருவாங்க"ன்னு பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்களையெல்லாம் கேட்டவன்தான் நானும். இப்பத்தான் அதக் கேக்கறத உட்டுட்டேன். கோயமுத்தூர் போயிச் சேர அஞ்சு மணி நேரம் இருக்குதுங்களே, சொல்றேன். தூக்கம் வந்தாத் தூங்கிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

பேரு சென்னியப்பனுங்க. கணபதில லேத்துப் பட்டறை. ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிசினு. மோட்டாருக்குள்ள சுத்தற தண்டு, ஷாப்ட்டும்பாங்க, அதக் கடைஞ்சு குடுக்கற வேலை. கூட ரெண்டு பேரு வேலைக்கு. நம்ம பாட்டுக்கு நம்ம வேலையுண்டுன்னு இருந்தவன்தான். அந்தக் காலத்துல பட்டறைக்கு வராத ஆபீசருங்களே இல்ல. எடைக்கு ஒருத்தரு, கரண்டுக்கு ஒருத்தரு, புகைக்கு ஒருத்தரு. எங்க பட்டறைல பீடிப் புகையத் தவர வேற என்ன புகை இருக்குது?

ஒருநாள் ஒருத்தரு வந்தாரு. சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டோணுமாம். ஒட்டியிருக்குதுங்கன்னேன். தமிழ்ல மட்டுந்தான இருக்குது, இங்கிலீசுல எங்கேன்னாரு. ஆபீசுக்கு வான்னுட்டுப் போயிட்டாரு. அன்னிக்குப் பள்ளிக்கூடம் அரை நேரந்தான். என்ற புள்ள மேகலாவப் பள்ளிக்கூடத்துலருந்து கூட்டிக்கிட்டு அப்படியே போனேன். ஒம்போது வயசு அவளுக்கு. அந்த மனுசன் நிமிந்தே பாக்கல. எதுக்க ரெண்டு நாற்காலி சும்மா கெடக்குது. நின்னோம். பதினொண்ணுலருந்து ரெண்டு மணி வரைக்கும் நின்னோம். புள்ள, "அப்பா, காலு வலிக்குது, உக்காந்துக்கட்டா?"ன்னு கேட்டா. "உக்காராத அம்மிணி"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். அவரு காதுல விழுந்து சிரிச்சாருங்க.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கட்சிக்குக் கொண்டுபோயி விட்டுது.

தன்னுழைப்புக் கட்சின்னு நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. எங்க ஊருப் பக்கம் பட்டறைக்காரங்க, மளிகைக்கடைக்காரங்க, ஓட்டல்காரங்க இவங்கதான். இரும்ப வெச்சு அடிக்கற பட்டறைக்கல்லுதான் சின்னம். தெய்வசிகாமணிக்குப் பெரிய வார்ப்புப் பட்டறை இருந்துச்சு. ஆனா பேச்சுல நம்மள மாதிரியே இருப்பாரு. தெருமொனைக் கூட்டத்துல மொத மொதல்ல கேட்டேன். "சர்க்காரு ரோடு போடட்டும், போலீசு வெக்கட்டும், கோர்ட்டு நடத்தட்டும். மத்ததுக்கு எங்கள உட்ருங்கய்யா, நாங்க பொழச்சுக்கறோம்!"னாரு. அழுகையே வந்துருச்சுங்க. நம்ம நெஞ்சுக்குள்ள இருக்கறத ஒருத்தன் மைக்குல சொன்னா எப்படி இருக்கும், சொல்லுங்க.

அதுக்கப்பறம் எல்லாமே கட்சிதான். தேர்தல் வந்தா பட்டறையப் பூட்டிருவேன். மேகலா லீவு போட்டுட்டுப் பசை வாளியத் தூக்கிட்டு வருவா. நாலு தேர்தல். நாலுலயும் டெபாசிட் போச்சு. "டெபாசிட் போனா என்ன, மானம் போகலீல்ல?"ன்னு சொல்லிக்குவோம். என்ற ஊட்டுக்காரி துளசிமணி மட்டும், "மானம் இருக்கட்டும், பட்டறையத் தொறங்க"ம்பா.

மேகலாவ மெக்கானிக்கல் இஞ்சினீரிங் படிக்க வெச்சேன். பட்டறைய அவதான் பாத்துக்குவான்னு எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். படிப்பு முடிஞ்சு ரெண்டு வருசம் ரூமுக்குள்ள உக்காந்து என்னமோ படிச்சுக்கிட்டு இருந்தா. மேல்படிப்புக்குன்னு நெனச்சேன். ஒருநாள் வந்து ஸ்வீட்டு குடுக்கறா. பரீச்சை பாஸாயிட்டாளாம். என்ன வேலை தெரியுங்களா? தொழிற்சாலைகளப் பாத்து ஆய்வு பண்ற வேலை. இன்ஸ்பெக்டரு.

கையில ஸ்வீட்டு இருக்குது. வாயில வெக்க முடியல.

"அன்னிக்கு நம்மள நிக்க வெச்சத மறந்துட்டியா?"ன்னேன்.

"மறக்கலப்பா. அந்த நாற்காலில நான் உக்காந்தா யாரையும் நிக்க வெக்க மாட்டேன்"னா.

"அந்த நாற்காலியே இருக்கப்படாதுங்கறதுதான் நம்ம கொள்கை."

"அது உங்க கொள்கைப்பா"ன்னா.

நம்ம கொள்கைன்னு இருந்தது அன்னிக்கு உங்க கொள்கை ஆயிருச்சு. அதோட பேச்ச நிறுத்திட்டேன். ஒரே வூடு. "அவளச் சாப்டச் சொல்லு"ன்னு துளசிமணிகிட்டச் சொல்லுவேன், அவ அங்கயேதான் உக்காந்திருப்பா. ரெண்டு வருசம் அப்படியே போச்சு. நான் புள்ளைய வெறுக்கலீங்க. அந்த வேலையத்தான். அதத் தெளிவாச் சொல்லிர்றேன்.

அதே சமயத்துல கட்சிக்கு யோகம் அடிச்சுது. பெரிய கட்சிகூடக் கூட்டணி. எத்தன மேடைல திட்டியிருக்கறோம் அந்தக் கட்சிய! "உள்ள போயித்தான் மாத்தோணும்"னாரு தலைவரு. சரிதானன்னு தோணுச்சு. ரெண்டு சீட்டுல ஜெயிச்சோம். மொத மொதல்ல ஜெயிச்சோமுங்க. ரோட்டுல ஆடுனேன் நானு, இந்த வயசுல.

தலைவருக்குப் பட்டறைத்தொழில் நல வாரியம்னு புதுசா ஒண்ணு உண்டாக்கித் தலைவர் பதவி குடுத்தாங்க. காரு, டவாலி எல்லாம். மூணே மாசத்துல உத்தரவு வந்துச்சு. எல்லாப் பட்டறைக்காரங்களும் வாரியத்துல பதிஞ்சு அட்டை வாங்கோணும். அட்டைய வருசா வருசம் புதுப்பிக்கோணும். சுவத்துல மாட்டி வெக்கோணும். டீக்கடைல எல்லாரும் என்னையத்தான் புடிச்சுக்கிட்டாங்க. "ஏனுங்க சென்னியப்பண்ணா, லைசென்ச ஒழிப்பேன்னுட்டு இன்னொன்னு கொண்டாந்துட்டாரே?" நான் சொன்னேன், "லைசென்சு வேற, அட்டை வேற. இது நம்ம ஆளு குடுக்கறது." சிரிச்சாங்க. நான் சிரிக்கல. அப்ப நெசமாவே அப்படித்தான் நம்புனேன்.

அப்பறந்தான் மாசிலாமணிக்குக் கை போச்சு.

மாசிலாமணி என்ற பட்டறைல தொழில் பழகுன பையன். கலியாணம் ஆனதும் கூலி சேத்துக் கெடைக்குதுன்னு தெய்வசிகாமணி பட்டறைக்குப் போயிட்டான். அங்க அச்சு அழுத்தற மிசின்ல முன்னால ஒரு தடுப்பு இருக்கும், கை உள்ள போகாம. வேலை சீக்கிரம் ஆகோணும்னு அதக் கழட்டி மூலைல வெச்சிருக்கறாங்க. வலது கை, மணிக்கட்டோட. நான் லேத்துக்காரனுங்க. தடுப்பு இல்லாத மிசினுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்தேன். அவன் எங்கிட்ட "லேத்துலயே இருந்திருக்கலாங்கண்ணா"ன்னான்.

அந்தப் பகுதிக்கு ஆய்வுக்குப் போனது மேகலா. போட்டோ எடுத்து, தடுப்பு கெடந்த மூலை வரைக்கும் அளந்து எழுதி, கேசு போட்டுட்டா.

தலைவரு போன் பண்ணுனாரு. "சென்னியப்பா, ஆளுக்கு வேண்டியத நான் பாத்துக்கறேன். உம்புள்ளகிட்டச் சொல்லி அந்தப் பேப்பர மட்டும் நிறுத்தச் சொல்லு. இன்ஸ்பெக்டரு வேண்டாம்னு கத்துனவங்க நாம. நம்ம பட்டறைக்குள்ளயே இன்ஸ்பெக்டர உடலாமா?" அவரு சொன்னதுல நாயம் இருக்கற மாதிரிதான் இருந்துச்சு. கொள்கைன்னா நமக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு பாக்கப்படாதுல்லீங்களா?

ரெண்டு வருசம் கழிச்சு என்ற புள்ளகிட்ட நான் பேசுனது அதப் பத்தித்தான். அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா.

"மொதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவுல சர்க்காரு எதுக்கு அம்மிணி? அவங்களே பேசித் தீத்துக்குவாங்க."

"நடுவுல யாரும் இல்லாததுனாலதான்பா கை போச்சு"ன்னா. அப்பறம், "ரெண்டு வருசம் கழிச்சு அம்மிணின்னு கூப்புட்டதே இதுக்குத்தானா?"ன்னு கேட்டா.

எந்திரிச்சுப் போயிட்டேன்.

நான் பட்டறைக்காரங்க சங்கத்துக்குச் செயலாளரு. தலைவரு ஒரு மனு எழுதித் தரச் சொன்னாரு. "பேரு எதுவும் வேண்டாம். ஆய்வுங்கற பேருல சிறுதொழில்காரங்களத் தொந்தரவு பண்றாங்கன்னு பொதுவா எழுது"ன்னாரு. பொதுவாத்தான் எழுதுனேன். பேரு இல்லீங்க, அத எந்தக் கோயில்ல வேண்ணாலும் வந்து சொல்றேன். தேதி இருந்துச்சு. பகுதி இருந்துச்சு. அந்தப் பகுதிக்கு ஆபீசரு ஒருத்திதான். எழுதறப்ப அது எனக்குத் தெரியாதான்னு கேட்டீங்கன்னா... தெரியும். ஆனா நான் எழுதுனது அந்தப் பதவிக்கு எதிரா. ஆளுக்கு எதிரா இல்ல. இருவத்தியேழு பேரு கையெழுத்து. செயலாளருங்கறதுனால மொதக் கையெழுத்து என்னுது.

ஒரு மாசத்துல மேகலாவ ராமநாதபுரத்துக்கு மாத்திட்டாங்க. ஆர்டரக் கொண்டாந்து அம்மாகிட்டக் காட்டுனா. மூணு பெட்டி. நான் பட்டறைலருந்து வாரதுக்குள்ள போயிட்டா.

துளசிமணிக்கு அப்ப மனு விசயம் தெரியாது. மாசிலாமணிதான் வந்து சொன்னான். சொல்றதுக்குன்னு வரலீங்க பாவம், கேக்கறதுக்கு வந்தான். ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம். துளசிமணி காப்பி குடுத்தா. எடது கையில டம்ளரப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறான்.

"அண்ணா, மேடத்த மாத்துனது ஒரு மனுவுனாலயாம். அதுல மொதக் கையெழுத்து உங்களுதுன்னு பேசிக்கறாங்க. நான் நம்பல. அதான் உங்ககிட்டயே கேட்டுட்டுப் போலாம்னு."

"அது வந்து மாசிலாமணி, அந்த மனு எந்த ஆளுக்கும் எதிரானதில்ல. இன்ஸ்பெக்டருங்கற முறையே..."

"சரிங்கண்ணா"ன்னான். ஒரு வார்த்தை கோவமாப் பேசல. காப்பிய முழுசாக் குடிச்சான். டம்ளரத் தரைல வெச்சுட்டு, "வாரனுங்கக்கா"ன்னு துளசிமணிகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டான். எங்கிட்டச் சொல்லல. இப்ப ஒரு அபார்ட்மெண்டுல வாச்மேனா இருக்கறான். கேசு இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்குது.

துளசிமணி சத்தம் போட்டுருந்தாத் தேவலை. நாலு நாளு ஒண்ணும் பேசாம சமைச்சுப் போட்டா. அஞ்சாம் நாளு பைய எடுத்துட்டு வந்து நிக்கறா. "புள்ள தனியா இருக்கறா, நான் போறேன். சர்க்காரச் சின்னதாக்கறம், சின்னதாக்கறம்னு கத்துனீங்க. அது அப்படியேதான் இருக்குது. நம்ம வூடுதான் சின்னதாயிருச்சு"ன்னா. ரெண்டு மாசத்துல வந்துருவான்னு நெனச்சேன். நாலு வருசம் ஆச்சுங்க.

அடுத்த தேர்தலுக்கு முன்னாடி ஒரு கலியாண மண்டபத்துக்கு வரச் சொன்னாங்க. முக்கிய அறிவிப்புன்னாங்க. தன்னுழைப்புக் கட்சிய அந்தப் பெரிய கட்சியோட சேத்துட்டம்னு தலைவரு மேடைல சொல்றாரு. கை தட்டுறாங்க. பக்கத்துல இருக்கறவனப் பாக்கறேன், அவனும் தட்டுறான். எனக்குக் கை எந்திரிக்கல. எந்திரிச்சு நின்னு, "தலைவரே, அப்ப நம்ம பட்டறைக்கல்லு?"ன்னேன். அவ்வளவுதான் கேட்டேன். மண்டபமே திரும்பிப் பாத்துது. தலைவரு சிரிச்சாரு. "சென்னியப்பண்ணன் நம்ம கட்சியோட அஸ்திவாரம். அவர வாரியத்துல உறுப்பினராப் போடறோம்!"னாரு. அதுக்கும் கை தட்டுனாங்க.

லெட்டரும் வந்துச்சு. வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். உடனே குடுக்கலீங்க, பொய் சொல்லப்படாது. ஒரு மாசம் வெச்சிருந்தேன். "உறுப்பினர், திரு. சென்னியப்பன்" அப்படின்னு அச்சடிச்சு வந்திருக்குது. மனுசன்தான நானும்.

ஓட்டுப் போடற அன்னிக்கு மொத ஆளாப் போயிப் பழக்கம். அந்தத் தடவ சாயங்காலந்தான் போனேன். மிசின் முன்னால நின்னு ஒவ்வொரு சின்னமா வெரல வெச்சுப் பாத்துட்டே வாரேன். பட்டறைக்கல்லு இல்ல. இருக்காதுன்னு தெரியும், தெரிஞ்சுந்தான் தேடுனேன். "ஐயா, அமுத்தியாச்சுங்களா?"ன்னு அந்தப் பக்கத்துலருந்து ஒரு டீச்சரு கேக்குது. யாருக்கும் இல்லைன்னு கடைசில ஒண்ணு இருக்குமே, அத அமுத்துனேன். அதுக்கும் அதே சத்தந்தாங்க வருது.

போன வாரம் நாலு பேரு வூட்டுக்கு வந்தாங்க. தலைவரு பெரிய கட்சிய விட்டு வெளிய வந்துட்டாராம். பழைய கட்சி, பழைய கொடி, பழைய கொள்கை. "அண்ணா, கணபதிப் பகுதிக்கு நீங்கதான்"னாங்க. நான் என்ன சொல்லியிருக்கோணும்? வெளிய போங்கடான்னுதான? நெஞ்சு அடிச்சுக்குதுங்க, கலியாணம் பேச வந்த மாதிரி. "வாரன்"னுட்டேன். அவங்க போனதுக்கு அப்பறம் வூட்டுக்குள்ள வந்து நிக்கறேன். யாருகிட்டயாவது சொல்லோணும். சொல்றதுக்கு ஆளில்ல. அதான் மறுநாள் பஸ் ஏறிட்டேன்.

மேகலா இருக்கறது ராமநாதபுரத்துல ஒரு சின்ன வூடு. அந்த ஊருல என்ன தொழிற்சாலை இருக்குது? ஐஸ் பாக்டரியும் உப்பளமுந்தான். துளசிமணிதான் கதவத் தொறந்தா. சித்தே நேரம் பாத்துட்டு, "வாங்க"ன்னா. வெளியாளு வந்தாச் சொல்ற "வாங்க". எளச்சிருக்கறா. மேகலா சாயங்காலம் வந்தா. வெயில்ல முகமெல்லாம் கருத்துப் போச்சு. என்னப் பாத்ததும் வாசல்லயே நின்னுட்டா. அவளுக்கும் முன்னால சில முடி நரைச்சிருக்குதுங்க. முப்பத்தியொரு வயசு.

ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸுல என்னென்னமோ சொல்லோணும்னு நெனச்சுக்கிட்டு வந்தவன், அவ செருப்பக் கழட்டறதுக்குள்ள என்ன சொன்னேன் தெரியுங்களா? "அம்மிணி, நம்ம கட்சிய மறுபடியும் ஆரம்பிக்கறாங்க!"

சந்தோசப்படுவான்னு நெனச்சேன். பசை வாளி தூக்குன புள்ளைல்லீங்களா.

அடுப்படில துளசிமணி பாத்திரத்த டொம்முனு வெச்சா. மேகலா மூஞ்சி கழுவிட்டு வந்து எனக்கு எல போட்டா. மீனு கொழம்பு. சாப்புட்டுக்கிட்டு இருக்கறப்ப மெதுவாச் சொன்னா, "அப்பா, அந்த மனுவோட நகல அப்பவே எங்கிட்டக் குடுத்து வெளக்கம் கேட்டாங்க. உங்க கையெழுத்தப் பாத்துட்டு, இவரு உங்களுக்குச் சொந்தக்காரரான்னும் என்னையக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"ன்னு கேட்டேன்.

"ஆமா, எங்கப்பான்னேன். வேற என்ன சொல்றது?"

தப்புப் பண்ணிட்டேன் அம்மிணின்னு ஒரு வார்த்தைதான். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வந்து, "கொழம்பு நல்லாருக்குது"ன்னு வெளிய போச்சு. கொள்கை தப்பில்லீங்க தம்பி. இன்னிக்கும் சொல்றேன், கொள்கை தப்பே இல்ல. ஆனா கொள்கை வூட்டுல உக்காந்து சோறு போடுதா, என்ன?

ரெண்டு நாளு இருந்தேன். இன்னிக்குக் காலைல கெளம்பறப்ப, "நீயும் வாரியா?"ன்னு துளசிமணிகிட்டக் கேட்டேன். "பாக்கலாம்"னு உள்ள போயிட்டா. மேகலாதான் வண்டில பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டாந்து விட்டா. எம் பையத் தூக்கிட்டு வந்து, ஜன்னலோரத்துல எடம் புடிச்சு, கண்டக்டருகிட்ட, "மதுரைல கோயமுத்தூர் பஸ் எங்க நிக்கும்னு எங்கப்பாவுக்குக் கொஞ்சம் காட்டிருங்க"ன்னு சொன்னா. கீழ எறங்கி ஜன்னலுக்குக் கிட்டத்துல வந்து நின்னா. பஸ்ஸு கெளம்பறப்ப, "அடுத்த தடவ வரும்போது போன் பண்ணிட்டு வாங்கப்பா"ன்னா.

காலைலருந்து அதத்தாங்க நெனச்சுக்கிட்டு வாரேன். நீங்க படிச்சவரா இருக்கறீங்க, சொல்லுங்க. போன் பண்ணிட்டு வாங்கன்னா, அடுத்த தடவ வாங்கன்னு கூப்புடறாளா? இல்ல, இந்த மாதிரி சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்காதீங்கங்கறாளா? அவ மூஞ்சியப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் குனிஞ்சு பையச் சரி பண்ணிக்கிட்டு இருந்துட்டேன்.